ஒரு டன்னில் இருபதில் ஒரு பங்கு

உன் புது வீட்டு அறைகளுக்கு எத்தனை டன் ஏசி வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்லியிருந்தாய். போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. ஏசி பெண் வீட்டுச் சீராக வருவதால் உன் மாமனார் கடைக்குப் போக அவசரப்படுவார் என்று தெரியும். "எத்தனை டன்னுனு மாப்பிள்ளை ஊட்லயே சொல்லிடுங்க, பின்னாடி கொறைஞ்சி போச்சுனு ஒரு பேச்சு வரக் கூடாது" என்று மண்டபத்திலேயே என்னிடம் சொன்ன மனிதர். அதிலுள்ள டன் எண்களை மட்டும் அவருக்கு அனுப்பிவிடு. மீதியை நீ தனியாக உட்கார்ந்து படி. மூடிய உறையில் வந்திருந்தால் படித்துவிட்டு மடித்து எங்காவது வைத்திருப்பாய், நானும் எழுதாததுபோல் இருந்திருப்பேன். என் சுபாவம் உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குக்கூட என் மாத்திரைப் பெயர் தெரியாது. அப்படிப்பட்டவள் இதை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரையோ, உன் மனைவியின் பெயரையோ, தெருவையோ எழுதவில்லை. எழுதாவிட்டாலும் உனக்கு உன்னைத் தெரியும்.

உன் கல்யாணம் முடிந்து இரண்டு மாதமாகிறது. பெண் பார்க்கப் போன நாளிலிருந்து கடைசிப் பந்தி முடிந்த நேரம்வரை, யார் கேட்டாலும் நீ சொன்னது ஒன்றுதான்: "அம்மா எங்ககூட தான்." நான் நம்பினேன். திருநின்றவூர் வீட்டை இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்று கீழ்வீட்டு ஹவுஸ்ஓனர் அக்காவிடம் சொல்லிவிட்டேன். புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டிவிட்டேன். இருபது வருடமாக ரயிலில் நின்றுகொண்டும் தொங்கிக்கொண்டும் படித்த புத்தகங்கள், கட்டிப் பார்த்தால் பதினோரு பெட்டி. பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றவள் நான், இப்போது நாற்பத்திரண்டு. மண்டபத்தில் உன் நண்பன் ஒருவன் என்னை உன் அக்கா என்று நினைத்துக்கொண்டு பேசினான், நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். இதை ஏன் சொல்கிறேன் என்பது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வரும்போது புரியும்.

அதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ அதை உட்கார்ந்து யோசித்ததில்லை. அம்பத்தூரில் ஏசி விற்கும் கடை. முதலில் ஃபோன் எடுக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். இப்போது பத்து வருடமாக, வாங்குகிறவர்களின் வீட்டுக்கே போய் அறையை அளந்து, எத்தனை டன் போதும் என்று எழுதிக் கொடுக்கிறேன். கையில் இன்ச் டேப், அச்சடித்த ஒரு தாள். நீளம், அகலம், உயரம். மேலே இன்னொரு மாடி இருக்கிறதா, மொட்டை மாடியா. எந்தச் சுவரில் சாயங்கால வெயில் விழுகிறது. ஜன்னலில் எவ்வளவு கண்ணாடி. டிவி, கம்ப்யூட்டர், ஃப்ரிட்ஜ். டன் என்றால் பெட்டியின் எடை என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டாபிராமில் ஒரு அம்மா, "ஒன்ற டன்னா? எங்க செவுரு தாங்காதுமா, வாடகை ஊடு" என்று பதறினார். ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருகி முடிப்பதற்குள் எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு சூட்டை ஒரு நாளில் வெளியே தள்ளுகிற மெஷின் என்று விளக்கினேன். "அப்போ ஐஸ எங்க வெப்பீங்க?" என்றார்.

தாளில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: ஆட்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், பழைய நூறு வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுகிறார். எங்கள் கணக்கில் ஒரு ஆளுக்கு ஒரு டன்னில் இருபதில் ஒரு பங்கு. மேலே காய்கிற தளமும் மேற்குச் சுவரும் கொண்டுவந்து கொட்டுகிற சூட்டின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் கேட்டாக வேண்டும். "இந்த ரூம்ல எத்தனை பேர் படுப்பீங்க?" மற்ற கேள்விகளுக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் பதில் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டில் மகன் உடனே, "ரெண்டு போடுங்க மேடம்" என்றார். கதவுக்குப் பின்னால் சுருட்டி நிறுத்திய பாயும் தலையணையும் எனக்குத் தெரிந்தன. நாற்காலியில் இருந்த அவருடைய அப்பா, "மூணு போடுமா. நானும் மூச்சு வுட்டுகினு தான் கீறேன்" என்றார். "நைனா, நீ ஹால்ல தான படுப்ப?" "படுக்கச் சொன்னா படுப்பேன். நானா கேட்டேன்?" நான் மூன்று என்று எழுதினேன். இரண்டு போட்டாலும் மூன்று போட்டாலும் அதே மெஷின்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது மருமகள் பின்னாலேயே வந்து மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டுனு மாத்திக் குடுங்க மேடம். மூணுனு எழுதிக் கீறத புடிச்சிகினு அவரு உள்ள வந்துடுவாரு." ஒரு தாளில் எழுதிய எண்ணுக்கு ஒரு வீட்டுக்குள் இவ்வளவு பலம் உண்டு என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எனக்கு அது முன்பே தெரியும்.

போன ஞாயிறு உன் பூந்தமல்லி வீட்டுக்கு டேப்போடு வந்தேன். நாலாவது மாடி, மேலே மொட்டை மாடி, பெரிய அறைக்கு மேற்கே பால்கனி. உன் மனைவி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "பதினொன்னே கால், அத்தை" என்று ஆசையாகப் படித்துச் சொன்னாள். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். நீ சிரித்தாய். "இன்னா மா, கஸ்டமர் கிட்ட கேக்குற மாதிரி கேக்குற? ரெண்டு தான்." இரண்டாவது அறைக்குப் போனோம். "இது ஆபீஸ் ரூம் மா. வாரத்துல மூணு நாள் ஊட்லருந்து தான் வேலை. ஒருத்தர்னு போடு." ஹாலுக்கு வந்தோம். "இங்க ரெண்டு. யாராச்சும் வந்தா நாலு." என் பேனா அங்கே நின்றுவிட்டது. நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று தாளில் தேடினேன். யாராச்சும் என்பதில் இருந்தேன்.

நான் கேட்கவில்லை. உன் மனைவிதான் கேட்டாள். "ரெண்டாவது ரூம் அத்தைக்குனு தான சொன்னீங்க? அத்தை எங்க படுப்பாங்க?" நீ அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பால்கனிக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அம்மாக்கு ஏசி ஒத்துக்காது. வீசிங் வந்துடும். வரும்போது ஹால்ல, பால்கனி பக்கம் படுத்தா தான் அவங்களுக்கு வசதி." வரும்போது. அளக்கப் போகிற நேரம் போக மீதி நாளெல்லாம் ஏசி கடைக்குள் உட்கார்ந்திருப்பவள் நான். பத்து வருடத்தில் ஒரு தும்மல் போட்டதில்லை. அக்கா என்று உன் நண்பன் நினைத்தவளை ஒரே வாக்கியத்தில் நீ மூச்சிரைக்கிற கிழவியாக்கினாய். உன் மனைவி நல்ல பெண், நம்பிவிட்டாள். "அப்படியா அத்தை? எனக்குத் தெரியவே தெரியாதே! அப்போ உங்களுக்குனு ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வெச்சிடறேன்" என்றாள். நான் தலையாட்டினேன். ஹாலுக்கு இரண்டு என்று எழுதினேன். அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். நான் கோபித்துக்கொள்ளாதது உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் பேசாமல் இருந்தது பெருந்தன்மையால் அல்ல. அந்த வாக்கியத்தை எங்கே கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது உன்னுடையது இல்லை. என்னுடையது.

உனக்கு அப்போது பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. உன் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்த ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில் இருந்தார். இரும்புச் சாமான்களை உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுக்கிற வேலை. எத்தனை முறை குளித்தாலும் அந்தக் கருகிய எண்ணெய் வாசனை அவர் கழுத்தை விட்டுப் போகாது. நீ படிக்க வேண்டும் என்றுதான் நம் ஒரே படுக்கையறைக்கு ஏசி போட முடிவு செய்தோம். பத்துக்குப் பத்து அறை, மேலே மொட்டை மாடி. நான்தான் கணக்குப் போட்டேன். இரண்டு தாளில் போட்டேன். இரண்டு ஆளுக்குப் புள்ளி ஒன்பது டன் வந்தது. மூன்று ஆளுக்குப் புள்ளி ஒன்பது ஐந்து. இரண்டுக்கும் ஒரு டன் மெஷின்தான். மூன்று பேரும் படுக்கலாம். இது எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும்.

மாட்டிய அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. காலையிலிருந்து காய்ந்த தளம், ஏசி ஓட ஆரம்பித்து அரை மணியாகியும் அறை குளிரவில்லை. அது அப்படித்தான், தளம் குடித்த வெயிலைக் கக்கி முடிக்க நேரமாகும். உன் அப்பா தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, "இன்னாமே, ஃபேன் காத்து மாதிரி தான் கீது? உங்க கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "ரெண்டு பேருக்குத் தான் கணக்குப் போட்டேன். நீயும் உள்ள இருந்தா இது கூல் ஆவாது." அவர் எழுந்து உட்கார்ந்தார். "நான் இன்னா அடுப்பா? ஆள் தான?" நாள் முழுக்க உலை முன்னால் நிற்கிற மனுஷன் கேட்டார். நீ உடனே, "அப்பா, நீ வெளிய போ, செக் பண்ணிப் பாக்கலாம்" என்று குதித்தாய். அவர் சிரித்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிஷத்தில் அறை குளிர ஆரம்பித்தது. அவர் உள்ளே இருந்திருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்தில் குளிர்ந்துதான் இருக்கும். நீ ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு கதவு வழியாகக் கத்தினாய்: "அப்பா, வேலை செய்து! நீ போனதும் ஜில்லுனு ஆயிடுச்சு!" வெளியிலிருந்து அவர் குரல் வந்தது: "அப்போ நான் தான்டா வெயிலு." மூன்று பேரும் சிரித்தோம். அன்று அவர் பாயை ஹாலுக்கு எடுத்துப் போட்டவர்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஏழு வருடமாக எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உன் பரீட்சை என்பேன். அவர் குறட்டை என்பேன். ஃபோனில் சத்தமாகக் காமெடி பார்ப்பார் என்பேன். எல்லாம் உண்மைதான், எதுவும் காரணம் இல்லை. காரணம் இதுதான்: அந்த அறையில் நீ பாடப் புத்தகம் படிப்பாய், நான் என் புத்தகம் படிப்பேன். அவர் வந்து படுத்தால் அந்த எண்ணெய் வாசனையோடு நான் எங்கிருந்து வந்தவள் என்பதும் வந்து படுக்கும். படித்துப் படித்து எனக்குள் ஒரு திமிர் வளர்ந்திருந்தது. முன்பின் தெரியாதவர்களின் துக்கத்துக்கெல்லாம் பக்கத்தை மூடிவைத்துவிட்டு அழுதவள், கதவுக்கு அந்தப் பக்கம் டேபிள் ஃபேன் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நீ இந்த அறைக்குள் வேண்டாம் என்று அவரிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் கணக்கைச் சொல்ல வைத்தேன். அவர் எட்டாவதோடு நிறுத்தியவர். என் கணக்கை அவர் நம்பினார். என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட நம்பினார்.

மூன்று கோடைகள். தரையில் தண்ணீரைத் தெளித்து, ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு ஹாலின் மேற்குச் சுவரோரம் படுப்பார். காலையில் நான் எழுந்து வரும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார், தரையில் ஒரு முதுகின் அகலத்துக்கு ஈரத் தடம் இருக்கும். அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போவேன். ஒரு நாள் ஆவடியிலிருந்து உன் அத்தை வந்திருந்தாள். "அண்ணன் இன்னாத்துக்கு வெளிய படுத்துகினு கீது? உள்ள ஏசி கீதுல்ல?" என்று கேட்டாள். நான் இட்லி வைத்துக்கொண்டே சொன்னேன்: "அவருக்கு ஏசி ஒத்துக்காது. உலை முன்னாடி நிக்கிற ஒடம்பு, சட்டுனு குளிர் பட்டா வீசிங் வந்துடும்." உன் அப்பா எதிரில்தான் இருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் தங்கை பக்கம் திரும்பி, இரண்டு தரம் இருமினார். என்னைக் காப்பாற்றுவதற்காக இருமினார். நீ பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தாய். நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு இத்தனை வருடம் கழித்து, உன் ஹாலில், பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரிந்தது.

அவர் வெயிலில் சாகவில்லை. அப்படி எழுதி என் குற்றத்தைப் பெரிதாக்கி அழகு பார்க்க மாட்டேன். மார்கழியில், ஃபேன்கூடத் தேவைப்படாத ஒரு வாரத்தில், நெஞ்சுவலி வந்து போனார். ஆனால் அந்த ஹாலில்தான் போனார். பெட்டி கட்டும்போது ஒரு புத்தகத்துக்குள் அந்த இரண்டு தாள்களும் கிடைத்தன. மூன்று ஆட்கள் என்று எழுதிய தாளைக் கிழித்துப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மடித்து, படித்த இடத்துக்கு அடையாளமாக வைத்திருக்கிறேன்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. நீ என்னிடம் வந்து, "மா, கொஞ்ச நாள் நாங்க தனியா இருக்கோம்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வலித்திருக்கும். ஒரு வாரம் உன் ஃபோனை எடுத்திருக்க மாட்டேன். அப்புறம் எடுத்திருப்பேன், ஏனென்றால் அது நியாயமான ஆசை, உங்கள் வயதில் எனக்கும் இருந்தது. ஆனால் நீ என் உடம்பின் மேல் ஒரு நோயை ஏற்றி, அதைக் காட்டி என்னை வெளியே படுக்க வைத்தாய். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். சொல்வதற்கு வாய் வராவிட்டால், அந்தக் கூச்சத்தோடாவது இரு. கணக்கையும் உடம்பையும் பொய்ச்சாட்சிக்குக் கூப்பிடாதே. உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கும். நீ யாரைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று அது கேட்டுக்கொண்டிருக்கும், கேட்டது அதற்கே தெரியாமல் உள்ளே இருக்கும். பிறகு அது உன் ஹாலை அளக்க வரும்.

இதைப் படித்ததும் ஓடிவந்து, "அப்படில்லாம் இல்லமா" என்று என் கையைப் பிடிக்காதே. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. உன்னை மன்னித்தால் அந்தச் சாக்கில் என்னையும் மன்னித்துக்கொண்டதாகிவிடும். நேற்று கீழே போய், வீட்டைக் காலி செய்யவில்லை என்று சொன்னேன். ஹவுஸ்ஓனர் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாமா, பெட்டிலாம் கட்டி வெச்சியே? புள்ளையோட போகலியா?" என்றாள். அவள் கண்ணில் உன்னைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. அதை வளர விட எனக்கு மனம் வரவில்லை. "அங்க எல்லா ரூம்லயும் ஏசி போடறாங்கக்கா. எனக்கு ஏசி ஒத்துக்காது" என்றேன். சொல்லிவிட்டு, இரண்டு தரம் இருமினேன்.

கணக்கு இதுதான். பெரிய அறை, பதினொன்றே காலுக்குப் பன்னிரண்டு, மேலே மொட்டை மாடி, மேற்கில் கண்ணாடி, ஆட்கள் இரண்டு: ஒன்றரை டன். உன் மாமனார் பெருமைக்கு இரண்டு டன் எடுக்கப் பார்ப்பார், விடாதே. தேவைக்கு மேல் பெரிய மெஷின் அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், காற்றில் இருக்கும் ஈரத்தை எடுக்காது. குளிரிலும் பிசுபிசுவென்று இருக்கும். பால்கனிக் கண்ணாடிக்குக் கெட்டித் திரை போடு. ஹால் அடுப்படியோடு ஒன்றாகத் திறந்திருக்கிறது, அங்கே எதைப் போட்டாலும் குளிர் நிற்காது, ஃபேன் போதும். இரண்டாவது அறை, ஒன்பதுக்குப் பத்து. நீ சொன்னபடி ஆட்கள் ஒன்று என்று ஒரு தாளில் போட்டேன். என்னையும் சேர்த்து இன்னொரு தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு டன்தான் வந்தது.